வெள்ளிக்கிழமை கத்த வேண்டிய அலாரம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நிலையத் தலைவர் துரைராசு ஐயா அவர்களே, பேராவூரணியிலிருந்து வந்திருக்கும் வானொலித் தோழர்களே, வலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் பூம்புகார் மீனவச் சொந்தங்களே, தாய்மார்களே! அறிவிப்பாளர் சலாஹுதீனின் வணக்கம்.

தினமும் மைக் முன்னால் பேசிப் பிழைக்கிறவன் நான். இன்றைக்கு நம் வீட்டுத் துக்கத்தைப் பேச வந்திருக்கிறேன். நம் சமுதாய வானொலியின் பொறியாளர் செம்மொழி அம்மா அவர்கள் போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார் என்பதை இன்னும் மனசு ஏற்க மறுக்கிறது.

அவர் வந்தபோது நம் டிரான்ஸ்மிட்டர் எப்படி இருந்தது? சூடு ஏறினால் சொல்ல ஒரு கருவி உண்டா? புகைந்தால் கத்த ஒரு அலாரம் உண்டா? எதுவும் கிடையாது. கரையோரப் படகுகளுக்கு நாம்தான் காற்று, மழை சொல்கிறோம். நாம் ஊமையானால் அவர்கள் கதி என்ன என்று கேட்டவர் செம்மொழி. கேட்டதோடு நிற்காமல் வெப்பத்துக்கும் புகைக்கும் சென்சார் மாட்டினார். கம்பெனி வைத்த அளவு நம் சித்திரை வெயிலுக்கு ஒத்துவரவில்லை. மத்தியானம் ஆனால் சும்மாவே கத்தும். தெர்மாமீட்டரும் கையுமாக அந்த அறையிலேயே கிடந்து, நம் ஊர் வெயிலுக்குத் தக்கபடி அளவை மாற்றி வைத்தார்.

அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை வம்பு. நாம்தான் டிரான்ஸ்மிட்டருக்குப் பொட்டு வைத்துப் பூஜை போடுகிறவர்கள் ஆயிற்றே! சாம்பிராணி காட்டியதும் அலாரம் அலறும். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? சத்தமில்லாமல் ஒயரைப் பிடுங்கி வைத்தார்கள். மாலையில் மாட்ட மறந்தும் போனார்கள். வேறு யாராக இருந்தாலும் பூஜையை நிறுத்தியிருப்பார்கள். செம்மொழி சிரித்தார்.

"பூஜை நடக்கட்டும். ஒயர்ல மட்டும் கை வைக்காதீங்க. வெள்ளிக்கிழமை அலாரம் கத்தலைன்னாதான் நாம பயப்படணும்" என்றார்.

அன்றிலிருந்து சாம்பிராணிதான் எங்கள் வாராந்தரச் சோதனை. ஜும்மா முடிந்து நான் சுண்டலுக்கு வந்து சேரும்போது அலாரம் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கும்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை அது கத்தவில்லை. அப்பாடா, இன்றைக்குத்தான் பூஜை நிம்மதியாக முடிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். செம்மொழி மட்டும் சுண்டலை வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். உப்புக் காற்றில் இணைப்பு துருப்பிடித்துப் போயிருந்தது. அன்றே மாற்றிவிட்டார்.

மறுவாரம் புயல். நம் மீனவர் சிவசாமி அண்ணன் படகும் இன்னும் சில படகுகளும் கடலில். நான் எச்சரிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறேன், அலாரம் கத்துகிறது. டிரான்ஸ்மிட்டருக்குள் ஒயர் கருகிப் புகைகிறது! செம்மொழியும் டெக்னீசியன் கயல்விழியும் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தி, மாற்று டிரான்ஸ்மிட்டரைப் போட்டார்கள். அறை தப்பியது. விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். படகுகள் எல்லாம் கரை சேர்ந்தன.

பேராவூரணி நிலையத்துக்கும் அவர் சென்சார் மாட்ட ஆரம்பித்திருந்தார். வேலை பாதியில் நிற்கிறது. நிற்க விடலாமா? திங்கட்கிழமை கயல்விழி அங்கே போகிறார். அடைமழைக்கு முன்னால் முடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். முடிப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. கூட நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

உள்ளே வரும்போது வாசலில் சிவசாமி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மா இல்லையே தம்பி, நாளைக்குக் கடலுக்குப் போகலாமா?" என்று கேட்டார்.

செம்மொழி அவர்களின் படத்துக்கு முன்னால் நின்று, நம் எல்லோர் சார்பிலும் பதில் சொல்கிறேன்.

போயிட்டு வாங்கண்ணே. ரேடியோ பேசிக்கிட்டே இருக்கும்.