நீளம் குறைத்த பனியன்

— ஏய் குப்பம்மா, சாணி அள்ள வந்தவ மாட்டுக்கொட்டாயில குந்திகினு இன்னாடி தச்சிகினு கீற?

— பனியன்மா.

— யாருது? ஒம் புருசனுதா?

— ஆமாம்மா. ஆவடி மிலிட்டரி டிப்போவுல மூட்ட தூக்கறாரில்ல, அங்க ஒரு வெள்ளக்கார சோல்ஜரு குடுத்தது. நீளம் ஜாஸ்தியா கீது. அதான் அடியில வெட்டி மடிக்கறேன்.

— தூ. யுத்தம் வந்தாலும் வந்துது, கோவணத்தோட நின்னவன்லாம் பனியன் மாட்டிகினு திரியறான். போன வெள்ளிக்கெழம மாங்காடு கோயிலுக்கு கெளம்பறேன், எங்க தெருவுல எதுக்கால வரான் ஒம் புருசன். தோள்ல துண்டு வேற. அவங்கப்பன் எங்க வாசல்ல வெத்து ஒடம்போட கை கட்டி நின்னவன்.

— டிப்போவுக்கு நேரமாயிடுச்சின்னு குறுக்கால வந்துட்டாரும்மா.

— நேரமானா மருவாதி மறந்துடுமா? இத பாரு, வெட்ன எடம் சுருட்டிகினு நிக்குது. ஒனுக்கு கோணி தைக்கத்தான் கை வரும்.

— பின்னல் துணிம்மா, வெட்னா சுருளத்தான் செய்யும். ரெண்டு மடிப்பா மடிச்சி, நூல இறுக்காம தளர வுட்டு தச்சா படிஞ்சிடும். இறுக்கிட்டா மாட்டறப்ப தையல் அறுந்துக்கும்.

— எனுக்கே சொல்லித் தரியா? குடு இப்டி. நெல்லு அவிக்கற அடுப்புல போடறேன்.

— வேணாம்மா. பொழுது சாயறதுக்குள்ள குடுத்தாவணும்.

— எங்க ஊட்டுக்காரரு வரட்டும் இன்னிக்கி. பனியன் போடற தொரைக்கு எங்க மனையில குடிச எதுக்குன்னு கேக்கறேன். நாளைக்கே பிரிச்சிகினு போங்க.

— ஐயோ, இழுக்காதம்மா, கிழிஞ்சிடும். அளவு பாத்து வெட்டிகீறேன்.

— இன்னா பெரிய அளவு? அவன் பன மரமாட்டம் கீறான். இது அவனுக்கு தொப்புளுக்கு மேல நிக்கும். வெட்டவும் தெரியல, வாய் மட்டும் நீளுது.

— இது அவருக்கு இல்லம்மா.

— பின்ன யாருக்கு?

— சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகீறாரு.

— யாருடி?

— நம்ம ஆண்டைதாம்மா. ஒங்க ஊட்டுக்காரரு. கெணத்து மோட்டு கொட்டாயில சட்டைக்குள்ள மாட்டிகினுதான் ரயில் டேசனுக்கு போறாரு. வெளிய தெரியாம குட்டையா வெட்ட சொன்னாரு.

— செருப்பு பிஞ்சிடும். ஆசப்பட்டா பட்டணத்துல புதுசா வாங்கிக்குவாரு. ஒம் புருசன் ஒடம்புல கெடந்தத தொடுவாரா அவரு?

— புதுசும் குடுத்து பாத்தோம்மா, ஒடம்ப அறுக்குதாம். ஒரு மாசம் நீ போட்டு நல்லா வேர்த்து நைஞ்சி மெத்துனு ஆனப்பறம் குடுடான்னு ஆண்டைதாம்மா எங்க ஊட்டுக்காரர போட வெச்சாரு.