ஒரே பைப்பில் இரண்டு மோட்டார்

மாரண்டஹள்ளி பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த அம்மாள் தன் ஓரகத்தியைக் கேட்டாள்: "மீதித் தண்ணி எங்கடி போவுது?"

"எந்த மீதிக்கா?"

"என் ஒத்த மோட்டாரு ஓடறப்பவே தொட்டிக்கு நல்லாத்தான் வந்துச்சு. உன் மோட்டாரையும் அதே பைப்புல சேத்தா ரெண்டு பங்கு வரணுமில்ல? கொஞ்சூண்டுதான் கூட வருது. மீதிய உன் தக்காளிக்குத் திருப்பிக்கிற!"

"என் தக்காளியும் வாடித்தான் கெடக்குது. வார்த்தய அளந்து பேசுங்க!"

"திருடிக்கு ரோசத்தப் பாரு!"

"நாளைக்கே என் மோட்டாரக் கழட்டிக்கிறேன். இனி உங்க வூட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

இளையவள் ஊர் வருமுன்பே அழுதுகொண்டு இறங்கிவிட்டாள்.

யாரும் திருடவில்லை. ஒரே பைப்பில் இரண்டு மோட்டார் தள்ளினால் உள்ளே உராய்வு கூடும். தண்ணீர் இரண்டு பங்காகாது. பாலிடெக்னிக்கில் ஓய்வு பெறும்வரை நான் நடத்திய பாடம் இது.

மூத்தவள், பின் சீட்டில் புத்தகத்தோடு இருந்த என்னிடம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க பெரியவரே, நான் கேட்டதுல தப்பிருக்குதா?"

அந்தக் கோபத்துக்குப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, அவதான் திருடி. பஸ்ஸுல படிச்ச பெரியவரு ஒருத்தரு, அவரே இல்லைன்னு சொல்லல."