வியாழக்கிழமை எண்ணெய் வாசனை

ஒரு முகத்தைக் கணினியில் உருவாக்குகிற எல்லோரும் முதலில் கண்களோடு மல்லுக்கட்டுவார்கள். உண்மையில் கழுத்தறுப்பது வாய்தான். கண் கொஞ்சம் பிசகினாலும் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். உதடு ஒரு மயிரிழை பிந்தினால் போதும், பிணம் பேசுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இத்தனை வருடப் படிப்பில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான், அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்டது அடுப்பைப் பற்றி என்று தெரியும். அதற்கும் வருவேன் ஐயா, எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

என் பெயர் குபாத். பல்லூடகமும் டிஜிட்டல் வடிவமைப்பும் பட்டப்படிப்பு, கடைசி வருடம். திலேக் என் வகுப்பு, என் அறைத்தோழன். பிஷ்கெக் நகரத்தின் வடக்கு ஓரத்தில், புதுக் குடியிருப்பில், ஒரு வீட்டின் பின்கட்டில் இருவரும் வாடகைக்கு இருந்தோம். நகரத்துக்குள் இருப்பதுபோல் அறையைச் சூடாக்கும் சுடுநீர்க் குழாய் அங்கே வராது, நிலக்கரி அடுப்புதான். திலேக்கின் கை பட்டால் எந்தப் படத்துக்கும் உயிர் வந்துவிடும். எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. பொறுமை மட்டும் உண்டு.

பட்டத்துக்காக நான் எடுத்துக்கொண்ட வேலை ஒரு பேசும் முகம். கேமரா முன்னால் நான் உட்கார்ந்து பேசுவேன். திரையில் வேறொருவன் தன் முகத்தோடு, தன் குரலில் அதையே பேசுவான். அந்த வேறொருவனாக இருக்கத் திலேக் தானாகவே முன்வந்தான். இலையுதிர் காலம் முழுக்க விளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்தான், கோபப்பட்டான், கொட்டாவி விட்டான், நான் நீட்டிய சொற்களையெல்லாம் சலிக்காமல் வாசித்தான். ஒருநாள் அழச் சொன்னேன்.

"அழுகை வரமாட்டேங்குதுடா மச்சான். போய் வெங்காயம் வாங்கிட்டு வா."

வாங்கி வந்தேன், அழுதான். அந்தப் பதிவு பின்னால் ரொம்பவும் உதவியது.

இறுதித் தேர்வுக்கு முன்னால் வேலையை வகுப்பில் காட்ட வேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். நுர்ஜமால் அக்காதான் எங்கள் ஆசிரியை. திரையில் முகத்தைப் பார்த்தார். பிறகு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த திலேக்கைப் பார்த்தார். மறுபடி திரை, மறுபடி திலேக்.

"பொம்மை நல்லாத்தான்டா இருக்கு. ஆனா அசல் பக்கத்துலயே உக்காந்து பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கே. கண்ணு அவன்கிட்டல்ல ஓடுது, நான் என்ன பண்ண?"

வகுப்பே சிரித்தது. திலேக் எழுந்து நின்று கையைக் கூப்பினான். "அக்கா, நான் வேணா செத்துரட்டுமா? பாவம், அவனாவது பாஸாகட்டும்."

நானும் சிரித்தேன். அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இதைத் தயவுசெய்து நம்புங்கள். அவனைப்போல் எனக்கு இன்னொரு நண்பன் கிடையாது. ஆனால் அக்கா சொன்னதில் தப்பும் இல்லை. அசல் இருக்கும்வரை நகல் நகல்தான்.

திலேக்கின் அம்மா சபிரா அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓஷ் நகரத்தில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். திலேக் சின்னப் பையனாக இருந்தபோது அவன் அப்பா வேலைக்குப் போன இடத்தில் அடுப்புப் புகையில் மூச்சடைத்து இறந்தார். சபிரா அம்மா அப்போது நிறைமாதம். எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியை முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மாட்டார்கள். தாங்குகிற தெம்பு வரட்டும் என்று காத்திருந்து, பெரியவர்கள் கூடி, சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். அவருக்கும் அப்படித்தான். புருஷன் ரஷ்யாவில் வேலை செய்கிறான் என்று குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தை பிறந்தது, தங்கவில்லை. அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

"அம்மா அதுக்கு இன்னும் யாரையும் மன்னிக்கலடா," என்று திலேக் ஒருமுறை சொன்னான். "அவரு பசியோட சுத்திக்கிட்டு இருந்திருப்பாரு, நான் எல்லாரோடயும் உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேனேன்னு புலம்புவாங்க. அத்தனை வியாழக்கிழமை போச்சு, ஒருநாளாவது ஒரு பிடி மாவு பொரிச்சேனான்னு அழுவாங்க."

வியாழக்கிழமைகளில் இறந்தவர்களுக்காகப் போர்சோக் பொரிப்போம். மாவுத் துண்டு எண்ணெயில் உப்புகிற வாசனைதான் அவர்களுக்குப் போய்ச் சேரும் சாப்பாடு. உங்கள் வீட்டிலும் செய்வார்கள்.

அப்பா போன விதத்தால் திலேக்குக்கு அடுப்பென்றால் உயிர்ப்பயம். புகைப்போக்கியை அடைக்கிற தகட்டை என்னை மூட விடவே மாட்டான். சூடு வீணாகிறதே என்று நான் முணுமுணுத்தாலும், கரியில் நீலச் சுடர் அடங்கும்வரை அடுப்பின் முன்னால் குந்தியிருந்து, தானேதான் மூடுவான். நீலம் இருக்கும்போது மூடினால் விஷப்புகை அறைக்குள் திரும்பிவிடும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், குளிருக்குப் பயந்து சீக்கிரம் மூடிவிட்டு ஒவ்வொரு குளிர்காலமும் யாராவது செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் அப்படி ஒரு சாவு நடந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

சபிரா அம்மாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்த வாரம் அது. திலேக்குக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால் ஓஷுக்குக் கிளம்பியிருப்பான். மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தான்.

"குபாத், தகட்டை நீ மூடிட்டுப் போறியா? நீலம் போனப்புறம்டா. கொஞ்சம் நின்னு பாத்து மூடு."

"தூங்கு, நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அவன் கண்ணை மூடினான். எனக்கு வகுப்புக்கு நேரமாகியிருந்தது.

சாயங்காலம் திரும்பியபோது வீட்டுக்காரர் வாசலில் தலையில் கையை வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. ஊர்க்காரர்கள் வந்தார்கள், அவனை மலைமேல் சொந்த ஊருக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தோம். நானும் மூன்று பிடி மண் போட்டேன். காய்ச்சலில் பையன் அவசரப்பட்டுத் தானே மூடிவிட்டான் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

திலேக்கின் சித்தப்பா ஜோல்தோஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய மீசைக்காரர், குதிரை வியாபாரி. அன்று குழந்தைபோல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

"அண்ணிக்கு நெஞ்சைப் பொளந்து தச்சிருக்காங்க. இப்பச் சொன்னா அவங்களையும் தூக்கிக்கிட்டு வர வேண்டியதுதான்னு டாக்டர் சொல்றாரு. அங்க அவங்க, பையன் ஏன் போன் பண்ணலன்னு நச்சரிச்சுக்கிட்டே இருக்காங்களாம். நான் என்னடா பண்ணுவேன்?"

"சித்தப்பா, ஒரு வழி இருக்கு," என்றேன்.

முகத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டார். பிறகு கிட்டே வந்து திரையை விரலால் தடவினார்.

"இது பாவமில்லையாடா?"

"அவங்க தேறி வர்ற வரைக்கும்தானே."

அவர் இப்படி என்னிடம் வந்து நிற்பார் என்று எனக்கு முன்பே தெரியும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் குடும்பத்தில் சாவை எப்படி ஒளிப்பார்கள் என்று திலேக்கே சொல்லியிருந்தானே. அறுவைச் சிகிச்சை எப்போது என்பதும் தெரியும். ஒரு முகத்துக்கு அதைவிடக் கடுமையான தேர்வு உலகத்தில் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். பேராசிரியர்களை ஏமாற்றலாம், பெற்றவளை ஏமாற்ற முடியுமா என்பார்கள். நான் அதைப் பார்த்துவிட நினைத்தேன்.

திலேக்கின் எண்ணிலிருந்து நான் போட்ட முதல் அழைப்பில் சபிரா அம்மா மருத்துவமனைத் தலையணையில் சாய்ந்திருந்தார். "இளைச்சுப் போயிட்டியேடா," என்றார். "காய்ச்சல்மா, இப்பப் பரவாயில்ல," என்றான் திலேக். பேசியது நான்தான், ஆனால் நான் சொன்னேன் என்று சொல்ல இப்போதும் வாய் வரவில்லை. அவர் திரையையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, வாரம் ஒருநாள் கூப்பிடு போதும், வியாழக்கிழமை கூப்பிடு என்றார்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அடுக்களையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவார். எப்போதும் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். மாவைக் கிள்ளிப் போட்டபடியே, சாப்பிட்டாயா, குளிருக்குக் காலுறை இருக்கிறதா என்று கேட்பார். எப்போது ஊருக்கு வருவாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

"யாருக்கும்மா பொரிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்கப்பாவுக்குத்தான். வேற யாருக்கு?"

பொரித்து முடித்துக் கைகளை ஏந்திப் பிரார்த்தித்தார். யாருக்கென்று பெயர் சொல்லும் இடத்தில் குரல் எழும்பவில்லை, உதடு மட்டும் அசைந்தது. வாயைப் பார்ப்பது என் தொழில் ஐயா. ஒரு பெயருக்கு ஆகும் நேரத்தைவிட அந்த உதடு அதிகமாக அசைந்தது. பார்த்தேன். வயதானவர்கள் முன்னோர்களையெல்லாம் சேர்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் வேறு ஒரு தொல்லை ஆரம்பித்தது. அழைப்பு முடிந்து நான் வாயை மூடிய பிறகு, திரையில் திலேக்கின் வாய் சற்றுப் பிந்தி மூடியது. நிரலை வரிவரியாகப் பார்த்துச் சரிசெய்தேன். எங்கும் பிழை இல்லை. ஆனாலும் அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்வதுபோல் இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. கணினியை அணைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்தி மூடி வைப்பேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது என் அம்மா, "ஏன்டா உன் கூட்டாளி மாதிரியே சிரிக்கிற?" என்று கேட்டார். அதன்பிறகு அவர் முன்னால் சிரிப்பதை விட்டேன்.

இறுதித் தேர்வில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். திரையில் திலேக் பேசியபோது நுர்ஜமால் அக்கா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்றாவது வரிசையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வசந்தத்தில் பெரியவர்கள் ஓஷில் கூடினார்கள். கையை விட்டுப் பறந்த ராஜாளியைப் பற்றியும் உறைபனி கிழித்த இளம் மரத்தைப் பற்றியும் சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்களாம். சபிரா அம்மா தலை குனிந்து முழுதும் கேட்டுவிட்டு, "எப்படிச் செத்தான், அதை மட்டும் சொல்லுங்க," என்றாராம். சொன்னார்கள். அவர் எழுந்து அடுக்களைக்குப் போய்த் திலேக்கின் எண்ணுக்குக் கூப்பிட்டார்.

அவருக்குச் சொல்லிவிட்டார்கள் என்று சித்தப்பா எனக்குத் தகவல் அனுப்பியிருந்தார். எடுக்காமல் இருந்திருக்கலாம், என் முகத்தோடு எடுத்திருக்கலாம். திலேக்கின் முகத்தோடு எடுத்தேன். ஏனென்று நீங்கள் நேற்றும் கேட்டீர்கள். அந்த எண்ணில் வேறு முகத்தோடு பேச எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அழவில்லை.

"முதல் நாளே தெரியும்டா தம்பி. உன் வேலையில ஒரு குத்தமும் இல்ல. அச்சு அசல் என் புள்ளைதான். ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்த என் கொழுந்தன் என் மூஞ்சியைப் பாக்கல. வந்தவங்க எல்லாரும் ரொம்பச் சிரிச்சாங்க. இந்தச் சிரிப்பை நான் முன்னாடியே ஒரு குளிர்காலம் பூரா பாத்தவ. அதான் அன்னிலேருந்து ரெண்டு பேருக்கும் பொரிச்சேன். இந்தத் தடவை என் ஆளைப் பட்டினி போடல."

"அப்புறம் ஏம்மா எங்கூடப் பேசிக்கிட்டே இருந்த?" என்றான் திலேக்.

"என் புள்ளை மூஞ்சியைப் பாக்க வேற வழி வெச்சீங்களா?"

ஒரு துண்டு மாவை எண்ணெயில் போட்டார். அது உப்பி மேலே வந்தது.

"எப்படிப் போனான்னு இன்னிக்குத்தான் சொன்னாங்க. தகட்டை அவனே மூடினானாம். அப்பன் போன வழியை அறிஞ்ச புள்ளை, நீலச் சுடர் இருக்க மூடுவானா? அந்த வீட்டுல இன்னொருத்தன் இருந்தானே. யாருப்பா மூடினது?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காய்ச்சல் மயக்கத்தில் நானே மூடிவிட்டேன் அம்மா என்று திலேக் சொல்ல வேண்டும், அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

"நான்தாம்மா," என்றேன்.

மேற்கொண்டு வரவில்லை. திரையில் அவன் வாய் பிந்தாமல், என்னோடு சேர்ந்தே மூடியது.

அவர் தலையை ஆட்டினார். "நீதான்," என்றார். அவனைப் பார்க்கவில்லை, அந்த முகத்துக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோல் பார்த்தார். பிறகு ஒரு கை மாவை எடுத்தார். "இனி மூணு பேருக்குப் பொரிக்கிறேன்."

"மூணாவது யாருக்கு?"

"உனக்குத்தான். நீ போய்ச் சேந்தும் ரொம்ப நாளாச்சு, யாரும் உனக்குச் சொல்லல."

அந்த அழைப்பை அவர் மகள் பக்கத்தில் நின்று பதிவு செய்திருக்கிறார். உங்களிடம் இருக்கிறது. இங்கே வந்த பிறகு வியாழக்கிழமைகளில் எனக்கு எண்ணெய் வாசனை வருகிறது. காவலரைக் கேட்டேன், இந்தக் கட்டடத்தில் சமையலே கிடையாது என்கிறார். அன்றைக்கு எனக்குப் பசிப்பதுமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கரியில் நீலச் சுடர் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தபோது, திலேக் தூங்கிவிட்டானா என்று குனிந்து பார்த்துவிட்டு, தகட்டை நான்தான் மூடினேன். அவன் மூச்சு சீராக இருந்தது. முகத்தில் ஒரு குற்றமும் இல்லை என்று சபிரா அம்மா சொன்னாரே, அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் பெற்ற தாய்.