டூல்பாக்ஸில் ஒரு விளக்கு

— தொடலாமா அக்கா?

— தொடுடா, கடிக்காது. கம்ப்யூட்டர்ல இடது ஓரத்துல வரிசையா இருக்கு பார், அதுதான் டூல்பாக்ஸ். பட்டன், பெட்டி, பட்டியல் எல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனி குடுத்தது. கடைசியில ஒரு விளக்கு இருக்கே, அது நான் செஞ்சது.

— அடேங்கப்பா! கம்பெனிக்காரன் சாமானுக்குச் சரிசமமா நம்ம வீட்டுச் சாமானும் உக்காந்திருக்கு!

— அதைப் பிடிச்சு நடுவுல இருக்குற வெள்ளைத் திரையில இழுத்துப் போடு.

— போட்டேன். ஐயோ, முழு விளக்கா வந்துருச்சு! நான் ஒரு எழுத்துகூட அடிக்கலையே!

— அதுக்குத்தான் இத்தனை நாளா மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்பா விரல்ல மாட்டுற பட்டையை அவர் லேசா அமுக்கினா போதும், இது எரியும். காலையில சொன்னேனே, ஒரு தடவை எரிஞ்சா தண்ணி. ரெண்டு தடவைன்னா வலி. மூணு தடவைன்னா 'இங்க வா'.

— விரல் அசைஞ்சாத்தானே அக்கா? அவர் பக்கவாதத்துல விழுந்ததிலேர்ந்து மரக்கட்டையா கிடக்கு. டாக்டரே கையை விரிச்சுட்டாரு.

— விரிக்கட்டும். பேச்சும் போய், கையும் போனா அந்த மனுஷன் நம்மகிட்ட எப்படிடா பேசுவாரு? அசையுற அன்னைக்கு இது தயாரா இருக்கணும்.

— சரி, அழாதே. நான் ஒண்ணும்... அக்கா! எரியுது!

— எது?

— உன் விளக்குதான்! பச்சையா எரிஞ்சு அணைஞ்சுது.

— உளறாதே. புரோகிராமை நான் இன்னும் ஓட்டவே இல்ல. இது வெறும் வரையுற இடம். இங்க அது பொம்மை மாதிரி சும்மா நிக்கணும்.

— மறுபடியும் எரியுது, நீயே பார்!

— அட ஆமா... பொறு, பொறு. புரிஞ்சுபோச்சு. திரையில போட்ட உடனேயே அதுக்குள்ள நான் எழுதினது ஓட ஆரம்பிச்சுரும். 'வரையும்போது பட்டைகிட்ட போகாதே'ன்னு ஒரு வரி எழுதியிருக்கணும். மறந்து தொலைச்சுட்டேன்.

— அப்போ இது நிஜமாவே பட்டையோட பேசிக்கிட்டிருக்கா? கம்பி இல்லாம, ஓட்டாம, போட்ட இடத்துலயே? எனக்குப் புல்லரிக்குது அக்கா.

— புல்லரிச்சது போதும். பட்டையை அமுக்கி அமுக்கி விளையாடாம மேசையில வை.

— என்கிட்ட ஏது பட்டை?

— காலையில உன் கையிலதானே குடுத்தேன்? எல்லாம் முடிஞ்சதும் அப்பாவுக்கு மாட்டிவிடலாம்னு?

— எனக்கு மனசு கேக்கல. அப்பவே அப்பா விரல்ல மாட்டிட்டு, எத்தனை தடவை அமுக்கினா என்ன அர்த்தம்னு அவர் காதுலயும் சொல்லிட்டு வந்தேன்.

— டேய்... மூணாவது தடவையும் எரியுதுடா.