கிழிந்த சோபாவின் வீடியோ

வண்ணார்பேட்டையில் டவுன் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சோபாவுக்குத் துணி மாற்றித் தைக்கிற கடை அவர்களுடையது என்று பேச்சில் தெரிந்தது.

“நம்ம வீடியோவப் பாத்துட்டு, சோபா தைக்கத் தந்த அக்கா அழுதாவ,” என்றாள் மனைவி.

“நல்லாத்தான தச்சுக் குடுத்தோம். தச்ச பெறகு எடுத்ததையும் போட்டிருக்கோம்லா.”

“அத எவன் பாக்கான்? மொதல்ல கிழிஞ்சு கெடக்கத காட்டுனோம்லா, அதப் பாத்துட்டு சம்பந்தி வீட்டுல கேட்டுட்டாவளாம், பொண்ணு பாக்க வந்தப்ப போர்வையப் போட்டு மூடி இதுலதான் எங்கள உக்கார வச்சியளான்னு.”

“நாம அவ பேரு ஒண்ணும் போடலியே.”

“உக்காந்தவங்களுக்குத் தெரியாதாக்கும்?”

அவர் செல்போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தார். பஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டியதும் மனைவியிடம் கேட்டார்.

“கிழிசலக் காட்டாம நம்ம வேல எப்படித் தெரியும்? இன்ஸ்டாவப் பாத்துதான் ஆளு வருது.”

“நம்ம வீட்டு சோபாவக் காட்டுங்க.”

“சோபா தைக்கவன் வீட்டுலயே இப்படியான்னு சிரிப்பாவ.”

“சிரிக்கட்டும். அப்பமாச்சும் அதத் தைப்பியள்லா.”