சனிக்கிழமைக்கு ஒத்திகை

குட்டி: அக்கா, சுவர் நகருது.

அக்கா: சுவர் எங்கயாவது நகருமா? நீதான் ஆடுற. உக்காரு.

குட்டி: உக்காந்துதானே இருக்கேன்.

அக்கா: அப்போ... சுவர்தான் போல.

குட்டி: நீ ஏன் சிரிக்கிற?

அக்கா: நான் எங்கடி சிரிச்சேன்? வாய் தானாப் போகுது.

குட்டி: ஆளுக்கு அரை பாட்டிலுக்கே இப்படின்னா, அடுத்த சனிக்கிழமை பார்ட்டில என்ன ஆகும்?

அக்கா: அதுக்குத்தானே ஒத்திகை. "உங்க ஆளுங்கதான் குடிக்க மாட்டீங்களே"ன்னு பார்ட்டி வைக்கிற இந்த ஊர்க்காரி நம்மளைக் கழட்டிவிடப் பார்த்தா. நீ சும்மா இருந்தியா?

குட்டி: குடிப்போம்னுதானே சொன்னேன்.

அக்கா: "எங்க வீட்டுல பால்புட்டியிலயே இதுதான்"னு அளந்துவிட்ட. இப்போ எல்லாரும் நம்ம ரெண்டு பேரையும்தான் பார்ப்பாங்க. அங்க போய் விழுந்தா மானம் போயிடும்.

குட்டி: நம்ம ரத்தத்துக்கு இது சேராதுன்னு மாமா சொல்வாரே...

அக்கா: அதையும் அவர் குடிச்சிட்டுத்தானே சொல்வாரு.

குட்டி: தலையில எலுமிச்சம்பழம் தேய்ச்சா இறங்கிடுமாம்.

அக்கா: அதான் ரெண்டு பழம் தேய்ச்சாச்சே. கண்ணுதான் எரியுது. ஆமா, பாட்டிலை எங்கேர்ந்து எடுத்த?

குட்டி: சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி. அப்பா ஒளிச்சு வச்சிருப்பாரு.

அக்கா: அப்பாவா? அவருக்குத்தான் சர்க்கரையாச்சேடி.

குட்டி: பெருசா ஃப்ரீன்னு வேற போட்டிருக்கு. யாரோ ஓசில கொடுத்திருப்பாங்க... அக்கா, கதவு.

அக்கா: அம்மாடி. பாட்டிலை மறை. மூச்சு விடாதே.

அம்மா: என்னடி, ரெண்டு பேர் தலையும் ஈரமா இருக்கு? வீடே எலுமிச்சம்பழமா மணக்குது?

அக்கா: பொடுகும்மா.

அம்மா: ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா? குட்டி, வாயைத் திறந்து பேசு.

குட்டி: ம்ம்.

அம்மா: பாவாடைக்குள்ள என்ன உருளுது? எடு... அடிப்பாவிகளா. சோப்புத்தூள் டப்பாவை யாருடி தொட்டது?

குட்டி: அப்பாவைத் திட்டாதேம்மா. பாவம்மா அவரு.

அம்மா: அது அப்பாவோடது இல்ல.

அக்கா: பின்ன?

அம்மா: ...என்னோடது.

குட்டி: அக்கா, எனக்குக் காதும் அடைக்குது.

அம்மா: வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் எங்க சலவைக்கூடத்துல எல்லாரும் ஒண்ணா உக்காருவாங்க. "இவதான் குடிக்க மாட்டாளே"ன்னு எனக்கு மட்டும் நாற்காலி கிடையாது. அஞ்சு மாசம் நின்னு பார்த்துட்டு வீட்டுக்கு வந்திருக்கேன். அதான் ரெண்டு பாட்டில் வாங்கினேன். ஃப்ரீன்னு போட்டுட்டு காசு வாங்கிட்டான் கடைக்காரன்.

அக்கா: குடிச்சியாம்மா?

அம்மா: போன வாரம் அங்க கொண்டுபோய் ஒரு பாட்டில். ஏறின வேகத்துல ஒண்ணு பண்ணிட்டேன்... ஆனா நேத்து எனக்கு நாற்காலி போட்டாங்க.

குட்டி: என்ன பண்ணினே?

அம்மா: அதை விடு.

அக்கா: இரும்மா. அப்பா பிஸ்கட்டுல "சுகர் ஃப்ரீ"ன்னு போட்டிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?

அம்மா: சர்க்கரை இல்லேன்னு. இது தெரியாதா?

அக்கா: இந்த பாட்டில்ல மேல இருக்கற சின்ன எழுத்தையும் சேர்த்துப் படி.

அம்மா: ஆல்கஹால்... ஃப்ரீ.

குட்டி: ...அப்போ சுவர்?

அக்கா: நின்ன இடத்துலதான் நிக்குது.

குட்டி: அக்கா, சனிக்கிழமைக்கும் இதையே எடுத்துட்டுப் போலாம். இதுலயே நல்லாத்தானே ஆடுறோம்?

அக்கா: அம்மா, நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?

அம்மா: அன்னைக்கு மேனேஜரை எல்லார் முன்னாடியும் நம்ம பாஷையிலயே "போடா"ன்னுட்டேன்டி... அப்போ அது நான் நிதானத்துல சொன்னதா?