புது வால்வு கவரும் மச்சினிச்சி கல்யாணமும்

ஞாயிறு காலை 7.40, மாம்பலத்தில் பிடித்த தாம்பரம் ரயில். எனக்குப் பின்னால் நின்ற பட்டுவேட்டிக்காரர் தம் நண்பரிடம் சொன்னார்: "கார் சரியாயிடுச்சு மச்சி. என்னைத்தான் அதுல ஏத்த மாட்டேன்றாங்க."

"இன்னா சொல்ற?"

"இஞ்சின்ல கேஸ் மேல ஏறி ஆயிலக் கக்கிக்கினு இருந்துச்சு. கார் உள்ள ஒரே நாத்தம். 'இது போனாதான் என் தங்கச்சி கல்யாணத்துக்கு கார்ல வருவேன்'னுட்டா வீட்டுக்காரி. இஞ்சின் மேல மூடற வால்வு கவர, புது மாடலோடது வாங்கி நானே மாட்டினேன். கக்கறது நின்னுடுச்சு."

"மெக்கானிக்காண்ட விட்டிருக்கலாமே?"

"ரெண்டு மணி நேரத்துல முடிச்சிருப்பான். எனக்கு நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. இன்னிக்கு கதவத் தொறந்து, உக்காரும்மான்னேன். மோந்து பாத்துட்டு, 'நாத்தம் அப்படியே கீது'ன்னா. பொண்ணு என் கையப் புடிச்சி மோந்தா. 'கார் இல்லம்மா, அப்பா'ன்னுட்டா."

"அப்புறம்?"

"பொண்ணு கார ஓட்டிக்கினு அவளக் கூட்டினு போய்ட்டா. மூணு வாட்டி சோப்பு போட்டேன் மச்சி, போவல. மண்டபத்துல யாரு என் பக்கத்துல உக்காருவான்?"

நண்பர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார்.

"நான் உக்கார்றேன். எனக்கு ரெண்டு நாளா சளி."